தண்ணீர்த் தட்டை எடுத்த பிறகு பொரித்த கூஸ் முட்டைகள்

சென்னையில் ஏசி இல்லாத அறையில் கூஸ் (பெருவாத்து) முட்டையை இன்குபேட்டரில், அதாவது தாய்ப் பறவைக்குப் பதில் அடைகாக்கும் சூட்டுப்பெட்டியில், வைத்தால், கடைசி மூன்று நாள் நீங்கலாகப் பெட்டிக்குள் தண்ணீரே தேவையில்லை. இந்த சீசனில் இறங்கிய குஞ்சுகளைப் பார்த்த பிறகு இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. முந்தைய அடைகளில் கரு நன்றாக வளர்ந்து, 28-ஆம் நாளை ஒட்டி ஓட்டுக்குள்ளேயே செத்தது. உடைத்துப் பார்த்தால் முழுதாக வளர்ந்த குஞ்சு, உடம்பு ஊறிப்போயிருக்கும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படாமல் நிற்கும், முட்டையின் பருத்த முனையில் உள்ள காற்றறை ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். நோயும் இல்லை, வெப்பக் கோளாறும் இல்லை. முட்டையிலிருந்து வெளியேற வேண்டிய நீர் வெளியேறவில்லை.

காரணம் இந்த ஊர்க் காற்று. 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் என்பது இங்கே சாதாரண நாள். அதே காற்று பெட்டிக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் தானாகவே 50 சதவீதத்துக்கு அருகில் வந்து நிற்கும். கூஸ் முட்டைக்கு முதல் 27 நாளுக்குத் தேவைப்படுவது 50 முதல் 55 வரைதான். கோழி முட்டைக்கென்று வரும் இன்குபேட்டரின் தட்டில் தண்ணீர் ஊற்றினால் 65-ஐத் தாண்டிவிடும். கோழி 21 நாளில் முடித்துவிடும் என்பதால் ஓரளவு தப்பிக்கும். ஒரு மாதம் இருக்க வேண்டிய கூஸ் தப்பிக்காது.

பறவைகளில் இருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அடை வைக்கும் நாள் கணக்கே இனத்தைப் பொறுத்தது.

இங்கே கிடைக்கும் கூஸ்களில் பெரும்பாலானவை நெற்றியில் குமிழ் உள்ள சீன வகை. வெள்ளையில் அலகும் குமிழும் ஆரஞ்சு. பழுப்பில் அலகு கறுப்பு, பின்கழுத்தில் உச்சியிலிருந்து முதுகுவரை கரும்பட்டை. கழுத்து ஒல்லி, நெட்டை. ஆண் 5 கிலோவை ஒட்டி, பெட்டை 4 முதல் 4.5 கிலோ. "எம்டன்" என்று சொல்லி விற்கும் வெள்ளைப் பறவைகள் எல்லாம் எம்டன் அல்ல. சுத்த எம்டனுக்கு நெற்றியில் குமிழே இருக்காது. அலகு தலையோடு நேராக இறங்கும், கண் நீலம், கழுத்து இறகுகள் வரிவரியாக உழுத வயல்போல் பள்ளமிட்டிருக்கும், வளர்ந்த ஆண் 9 கிலோவுக்கு மேல் போகும். குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் லேசான மேடு தெரிந்தால், அல்லது வெள்ளை முதுகில் சாம்பல் இறகு தெரிந்தால், அது கலப்பு. கண்ணின் நீலத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது; வெள்ளைச் சீன வகைக்கும் நீலக் கண்தான்.

எம்டன், துலூஸ் போன்ற ஐரோப்பிய இனங்கள் கிரேலாக் என்ற காட்டுக் கூஸிலிருந்து வந்தவை. சீன வகையும் ஆப்பிரிக்கன் என்று பெயர் பெற்ற வகையும் ஆசியாவின் ஸ்வான் கூஸிலிருந்து வந்தவை. இரண்டும் வேறு வேறு காட்டினம் என்றாலும் சேர்ந்தால் பிறக்கும் குஞ்சுகள் மலடாவதில்லை. அதனால்தான் சந்தையில் இத்தனை கலப்பு. சென்னை வீட்டுக்குக் கலப்பு மோசமில்லை. சீன வகையின் முட்டை எண்ணிக்கையும் எம்டனின் உடல் கட்டும் ஓரளவு சேர்ந்து வருகின்றன, சுத்தச் சீனப் பறவை போடும் சத்தத்தில் கொஞ்சம் குறைகிறது. ஆனால் சுத்த இனம் வேண்டும் என்று நினைப்பவர்கள் குடும்பத்தைத் தனித்தனித் தடுப்பில் வைத்தே ஆக வேண்டும். சீனத்தில் ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெட்டை. கனத்த இனத்தில் ஓர் ஆணுக்கு இரண்டு போதும். கனத்த எம்டன் ஆணைச் சிறிய சீனப் பெட்டையோடு தரையில் விட்டால் முதுகும் காலும் அடிபடும். நீந்தும் ஆழத்தில் தண்ணீர் இருந்தால்தான் அந்த ஜோடி சரிப்படும். (ஏரிகளுக்கு வலசை வரும் பட்டைத்தலை வாத்தை யாராவது விலை பேசினால் விலகிவிடுங்கள். அது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் காட்டுப் பறவை, வளர்ப்புப் பறவை அல்ல.)

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை மாதிரியான இடத்தில் வாங்கிய பறவையை மூன்று வாரம் தனியே வைத்து, எச்சத்தைப் பரிசோதித்துக் குடற்புழு மருந்து கொடுத்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். இரைப்பைப் புழு கூஸுக்குப் பெரிய தொல்லை. வாத்துக் கொள்ளை நோய் கூஸுக்கும் வரும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருப்பது சென்னைக்காரர்களுக்குக் கிடைத்த வசதி. இறந்த பறவையையும் ஐஸ் வைத்து எடுத்துப்போய்க் காரணம் கேட்கலாம்.

முட்டையும் பெட்டியும்

கூஸ் இங்கே குளிர் மாதங்களில்தான் முட்டையிடும், பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் வருடப் பெட்டையின் முட்டையில் கூமுட்டை அதிகம். அதை அடைக்கு எடுக்காமல் சமைத்துவிடுவதே நல்லது. சேர்த்து வைப்பதில் ஒரு சிக்கல். 15 முதல் 18 டிகிரியில் ஒரு வாரம் வைக்கலாம் என்பது பொதுக் கணக்கு. நம் வீட்டு அறை 28, 30-இல் இருக்கும்போது கரு அரைகுறையாக வளரத் தொடங்கி நின்றுபோகும். ஏசி அறையில் வைத்தாலும் நான்கு நாளுக்கு மேல் வைக்காமல் அடைக்குப் போட்டுவிட வேண்டும். ஃபிரிட்ஜ் வேண்டாம், அந்தக் குளிரில் கரு செத்துவிடும். மண் ஒட்டிய முட்டையைக் கழுவாமல், நைஸ் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தால் போதும்.

கோழிக்கென்று விற்கும் தானியங்கி உருளைத் தட்டில் கூஸ் முட்டை அடங்காது. நீளம் எட்டரை சென்டிமீட்டர், சில எம்டன் முட்டை அதற்கும் மேல். அதனால் மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டியில், சுவர் 30 மில்லிமீட்டருக்குக் குறையாததாகப் பார்த்து, கையால் திருப்பும் இன்குபேட்டர் கட்டினோம். ரிச்சி தெருவில் வாங்கியவை: வெப்பத்தைப் பார்த்துப் பல்பை அணைத்துப் போடும் டபிள்யூ1209 தெர்மோஸ்டாட் இரண்டு, 12 வோல்ட் 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், ஈரப்பதமானி. மின்கடையில் 40 வாட் குண்டு பல்பு இரண்டும் ஹோல்டரும். இத்துடன் 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. பெட்டியும் சேர்த்து மொத்தம் 1,900 ரூபாய்க்குள் முடிந்தது.

பல்பு இரண்டையும் இணையாகக் கொடுக்க வேண்டும். ஒன்று ஃபியூஸ் போனால் மற்றது தாங்கும். தெர்மோஸ்டாட்டின் அமைப்புகளில் பி0 "எச்" (சூடேற்றும்) நிலையில் இருக்க வேண்டும். பல்பு அணைவதற்கும் மீண்டும் எரிவதற்கும் இடையிலான அளவான பி1 ஆலையில் 2 டிகிரி இடைவெளியில் வைத்து வரும், அதை 0.2 ஆக்காவிட்டால் பெட்டி 37.5-க்கும் 35.5-க்கும் நடுவே ஊசலாடும். சென்சார் காட்டும் அளவை டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை பி4-இல் போட்டுத் திருத்தலாம். நமக்கு வேண்டிய 37.5-க்கு, மருந்துக்கடையில் கிடைப்பதில் அதைவிடத் துல்லியமான கருவி கிடையாது. இரண்டாவது தெர்மோஸ்டாட்டை 38.5-இல் வெட்டுமாறு தொடரில் இணைத்தோம். முதலாவதின் ரிலே (உள்ளிருக்கும் சுவிட்ச்) அணையாமல் ஒட்டிக்கொண்டால் இது காப்பாற்றும். அந்த 200 ரூபாயை மிச்சம் பிடிக்க வேண்டாம். ஃபேன் காற்று முட்டைமேல் நேராக அடிக்காமல் பல்பைத் தாண்டிச் சுவரில் பட்டுத் திரும்புமாறு வைக்க வேண்டும்.

ஈரப்பதமானியை நம்புவதற்கு முன் உப்புச் சோதனை செய்துவிடுங்கள். ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைச் சேறுபோல் நனைத்து, மானியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் ஒரு நாள் வைத்தால், உள்ளே 75 சதவீதம் இருக்கும். மானி 68 காட்டினால் எப்போதும் 7 கூட்டிப் படிக்க வேண்டும். மலிவான மானிகளில் இந்த அளவு தவறு சகஜம்.

எடைதான் கணக்கு

மானியைவிடத் தராசுக்கே மதிப்பு அதிகம். அடைக்குப் போடும் நாளில் ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் எண், எடை, தாய்ப் பறவையின் அடையாளம் எழுதி, ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். 28-ஆம் நாள் முடியும்போது முட்டை ஏறக்குறைய 13 சதவீத எடை இழந்திருக்க வேண்டும். 150 கிராம் முட்டை என்றால் 7-ஆம் நாள் 145, 14-ஆம் நாள் 140, 21-ஆம் நாள் 135.5, 28-ஆம் நாள் 130.5. செத்துப்போன அடைகளில் இந்த வகை முட்டை 28-ஆம் நாளிலும் 138-இல்தான் நின்றது.

எடை மெதுவாக இறங்கினால் காற்றோட்டத் துளையைப் பெரிதாக்கலாம். நாங்கள் நான்கு பக்கமும் 15 மில்லிமீட்டர் துளை இரண்டிரண்டாகப் போட்டு, வேண்டாதபோது செல்லோடேப் ஒட்டி மூடினோம். எடை வேகமாக இறங்கினால் மட்டும் ஒரு சிறு மூடித் தண்ணீர். பெட்டியை ஏசி அறையில் வைத்தால் கணக்கே தலைகீழ்: 24 டிகிரி, 55 சதவீதக் காற்று பெட்டிக்குள் 25 சதவீதமாக வறண்டுவிடும், அங்கே தண்ணீர்த் தட்டு கட்டாயம். ஒரே ஊரில் இரண்டு வீட்டுக்கு இரண்டு விதமான யோசனை சரியாவது இதனால்தான்.

முட்டையைப் படுக்கவைத்து, ஒரு நாளைக்கு ஐந்து முறை 180 டிகிரி திருப்ப வேண்டும். ஒற்றைப்படை எண் என்பதால் இரவு முழுக்கக் கீழே இருக்கும் பக்கம் தினமும் மாறும். ஒரே திசையில் உருட்டிக்கொண்டே போகாமல் இப்படியும் அப்படியும் மாற்ற வேண்டும். 8-ஆம் நாள் டார்ச் பிடித்துப் பார்த்தால் சிலந்தி வலைபோல் இரத்த நாளம் தெரியும். தெளிவாக இருப்பது கூமுட்டை, இரத்த வளையம் தெரிந்தால் கரு இறந்தது. இரண்டையும் உடனே எடுத்துவிட வேண்டும், இந்த ஊர் வெப்பத்தில் அழுகி வெடித்தால் மொத்தப் பெட்டியும் போகும். அன்றிலிருந்து 27 வரை தினம் ஒருமுறை மூடியைத் திறந்து 15 நிமிடம் ஆறவிடுவது. தாய்ப் பறவை மேயப் போகும் நேரம் அது. ஆறவிடும்போது வெதுவெதுப்பான தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். எடை சரியாக இறங்கிக்கொண்டிருந்தால் எங்கள் அனுபவத்தில் அது தேவைப்படவில்லை.

மின்வெட்டுக்குப் பயந்து பெட்டிமேல் போர்வை போட்டு மூடுவது 20-ஆம் நாளுக்குப் பிறகு ஆபத்து. வளர்ந்த கரு தானே சூடு விடும், மூச்சும் விடும். மிக்ஜாம் புயல் 2023 டிசம்பரில் வந்தபோது நகரத்தின் பல பகுதிகளில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை, அதுவும் சரியாக முட்டை சீசனில். மழை அறிவிப்பு வந்ததும் ஃப்ளாஸ்கில் வெந்நீரும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் தயாராக வைத்துக்கொண்டால், பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டி ஓரத்தில் வைத்து 36 டிகிரிக்கு மேல் பிடித்துவிடலாம்.

நாள் கணக்கில் இனம் முக்கியம் என்றேன். சீன முட்டை 28 முதல் 30 நாள். கனத்த எம்டன் 30 முதல் 34. கலப்பு நடுவில் எங்கேயும் விழும். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டால் சீனக் குஞ்சு ஓட்டைக் கொத்தி, ஈரம் ஏற்றியாக வேண்டிய நேரத்தில், எம்டன் முட்டைக்கு இன்னும் உலர் நாட்கள் மிச்சம் இருக்கும். எம்டனை இரண்டு நாள் முன்னால் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். மணிலா வாத்து முட்டையைச் சேர்க்கவே வேண்டாம், அதற்கு 35 நாள்.

காற்றறை சரிந்து, டார்ச்சில் அலகின் நிழல் அசைவது தெரிந்ததும் திருப்புவதை நிறுத்தி, நனைத்த ஸ்பாஞ்ச் இரண்டு வைத்து ஈரப்பதத்தை 75-க்கு ஏற்றி, வெப்பத்தை 37.2-க்கு இறக்கினோம். கொத்திய பிறகு ஒரு முழுநாள், சிலது ஒன்றரை நாள், எதுவும் நடக்காததுபோல் இருக்கும். அந்த நேரத்தில்தான் குஞ்சு இரத்தத்தையும் மஞ்சள் கருவையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓட்டை உரித்து உதவினால் இரத்தம் கசிந்து சாகும். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் உட்சவ்வு காய்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளும். இந்த முறை கருவுள்ள முட்டைகளில் பெரும்பங்கு உதவியில்லாமல் பொரித்தது.

குஞ்சுகள்

முதல் வாரம் 32 டிகிரி. பகலில் அதற்கு இங்கே பல்பே தேவைப்படாத நாட்கள் உண்டு, இரவில் 40 வாட் போதும். இரண்டாம் வாரம் முதல் இரவு மட்டும். தரையில் நியூஸ்பேப்பர் போட்டால் கால் வழுக்கி விரிந்து, பிறகு நிற்க முடியாமல் போகும். பழைய சணல் சாக்கு நல்லது. தண்ணீர்க் கிண்ணம் அலகும் மூக்குத் துளையும் முங்கும் ஆழம் இருக்க வேண்டும், உடம்பு நுழையக்கூடாது. கூஸ் குஞ்சு தண்ணீரை வாரி இறைக்கும் என்பதால் கிண்ணத்தை அரை அங்குல வெல்டு மெஷ் மேல், கீழே தட்டு வைத்து நிறுத்தினால் படுக்கை நனையாது. ஈரப் படுக்கையில்தான் பூஞ்சை, பூஞ்சையில்தான் மூச்சு நோய். கடற்கரைச் சாலைப் பக்கம் உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் என்றால் குஞ்சுக்கு மட்டுமாவது கேன் தண்ணீர்.

தீவனத்துக்குக் கோழி ஸ்டார்ட்டர், 20 சதவீதப் புரதம், மூன்று வாரம் வரை. கூஸ் குஞ்சுக்கு நயாசின் என்ற பி3 வைட்டமின் கோழிக்குஞ்சைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும்; குறைந்தால் கால் வளைந்து குதிகால் வீங்கும். தீவனத்தில் ப்ரூயர்ஸ் ஈஸ்ட் பொடியையோ தண்ணீரில் பி-காம்ப்ளெக்ஸையோ சேர்த்துவிட வேண்டும். கடலைப் புண்ணாக்கு மழைக்காலத்தில் கிட்டவே வரக்கூடாது. பூசணம் பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் கூஸ், வாத்துக் குஞ்சுகளை முதலில் கொல்லும். 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கு மேல் செத்தது இந்த நஞ்சால்தான், தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கு வழியாக வந்தது.

மூன்று வாரத்துக்குப் பிறகு புரதத்தை 15, 16-க்கு இறக்கிப் புல்லை ஏற்ற வேண்டும். அருகம்புல், அகத்தி, முருங்கைக்கீரை, பொடியாக வெட்டிய கோ-4 தீவனப்புல். கோயம்பேட்டில் கழிக்கும் கோஸ் இலை மலிவு, ஆனால் பூச்சிமருந்து நெடி அடித்தால் தொடாதீர்கள். புரதம் குறையாமல் உடம்பு வேகமாக ஏறினால் இறக்கையின் நுனி கனம் தாங்காமல் வெளிப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். நான்கு முதல் ஆறு வாரத்தில் கண்டுபிடித்தால், மடித்த நிலையில் ஒட்டும் துணி பேண்டேஜால் நான்கு நாள் கட்டி, தீவனத்தைக் குறைத்தால் சரியாகும். வளர்ந்த பறவையில் சரியாகாது.

கொட்டகை பற்றிச் சுருக்கமாக. தெருமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்ந்த தரை, ஒரு பக்கம் சாய்வு. சொரசொரப்பான சிமெண்டிலும் கூர்முனையுள்ள எம்-சாண்டிலும் நடந்தால் பாதத்தில் கட்டி வரும். மாட்டுக்கு விரிக்கும் ரப்பர் பாய் போட்டோம். பெருச்சாளிக்கும் கீரிக்கும் அரை அங்குல மெஷ், மண்ணுக்குள் ஓரடி இறக்கி. கத்திரி வெயிலுக்கு 75 சதவீத நிழல்வலை.

குளிக்கும் தொட்டிக்குக் கிணற்று உறை ஒன்று போதுமானது. நான்கடி விட்டம், ஓரடித் தண்ணீர் நிரப்பினால் ஏறக்குறைய 355 லிட்டர். அடியில் காங்கிரீட் போட்டு, 63 மில்லிமீட்டர் பிவிசி குழாயும் பால் வால்வும் வைத்தோம். இரண்டு நாளில் தண்ணீர் பச்சையாகிவிடும், வால்வைத் திறந்தால் வாழைக்கும் தென்னைக்கும் நேராகப் போகிறது. 63 சிறியதுதான், இறகும் புல்லும் அடைக்கின்றன. அடுத்த தொட்டிக்கு 110 போட்டு, வாயில் கம்பி வடிகட்டி வைக்கப்போகிறோம்.

அடுத்த சீசனுக்கு மாற்றுவது இன்னும் இரண்டு. பொரிக்கும் கட்டத்துக்குத் தனிப் பெட்டி. அப்போதுதான் சீனம், எம்டன், கலப்பு மூன்றும் அவற்றின் நாளில் ஈரத்துக்கு மாறும், குஞ்சு உதிர்க்கும் பஞ்சும் அழுக்கும் மற்ற முட்டைகளின் பெட்டியில் சேராது. இன்னொன்று, பொரிக்கும் பெட்டியில் குடும்பத்துக்கு ஒரு வலைக்கூடை. குஞ்சாக இருக்கும்போது வெள்ளைச் சீனத்தையும் கலப்பையும் கண்ணால் பிரிக்க முடிவதில்லை. ஓட்டிலிருந்த எண் போனால் வம்சமும் போய்விடும். கூடையிலிருந்து எடுக்கும்போதே குடும்பத்துக்கு ஒரு நிறத்தில் கால் வளையம். கால் பருக்கும் வேகத்துக்கு வாரம் ஒருமுறை அதைக் கழற்றி அடுத்த அளவு போட வேண்டும், இல்லாவிட்டால் இறுகித் தோலுக்குள் பதிந்துவிடும்.